முடுக்குச் சந்தையில் என் நாற்காலி

ஐம்பத்தெட்டு வயதில் நான் ஒரு பெண்ணாக மாறினேன். பதறாதீர்கள், வாட்ஸப்பில் மட்டும்தான். பெயர் ஸித்தி பாத்திமா, சொந்த ஊர் காயல்பட்டினம், குடியிருப்பது சென்னை மண்ணடி. வெளியே சொல்லவே நாக்கூசுகிறது. ஆனால் ஒரு மனிதன் எந்த நிலைமையில் இவ்வளவு கீழே இறங்குவான் என்று முழுக்கக் கேட்டுவிட்டு அதற்கப்புறம் காறித் துப்புங்கள். துடைத்துக்கொள்கிறேன்.

உண்மைப் பெயர் காஜா முஹ்யித்தீன். ஷார்ஜாவில் ஓர் எலெக்ட்ரிக் சாமான் கடையில் இருபத்தாறு வருடம் நின்றேன். வேலை பார்த்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது நிற்பதுதான். உட்கார்ந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. நின்று நின்று முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் இடுப்பிலிருந்து இடது பாதம் வரை சுண்டி இழுக்கும். இனிமேல் சாய்ந்துதான் தூங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊருக்கே முடித்துக்கொண்டு வரும்போது ஒரு ரிக்லைனர் வாங்கி, கார்கோவில் போட்டு அனுப்பினேன். பக்கத்தில் ஒரு பிடி இருக்கும். இழுத்தால் முதுகு பின்னால் சாயும், காலுக்குப் பலகை மேலே வரும். கார்கோவில் வந்த மற்ற சாமான் எல்லாம் வீட்டுக்கு. அது ஒன்று எனக்கு. ஒரு வருடமாக நான் தூங்குவது அதில்தான்.

இப்போது எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் என் ஆத்திரம் உங்களுக்குப் பிடிபடாது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவார். நான் பிறந்த வீடு என் தங்கச்சி ஜெய்னம்புவுக்கு. நான் வந்து சேர்ந்த வீடு என் மனைவி ருகையாவுக்கு. என் மகள் ரிஃப்காவுக்கு வருகிற மாதம் நிக்காஹ். முடிந்ததும் இந்த வீடு அவளுக்கு. இதில் எனக்கு என்ன என்று கேட்காதீர்கள். கேட்டால் சிரிப்பார்கள். பெண் பிள்ளைகள் தெருவில் நிற்காமல் இருக்க முன்னோர் செய்துவைத்த நல்ல ஏற்பாடு என்று நானே ஷார்ஜாவில் மலையாளிகளிடமும் வங்காளிகளிடமும் மார்தட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு ஒரே மாடி அறை. மாப்பிள்ளை இஹ்ஸானுக்கும் ரிஃப்காவுக்கும் அதுதான். கீழே உள்ளறை ருகையாவுக்கும் கூடவே இருக்கிற அவளுடைய சாச்சி, அதாவது சின்னம்மாவுக்கும். எனக்கு ஹால். மாடிக்கு வெள்ளையடிக்கிறோம் என்று பத்து நாளைக்கு முன்பே என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். ஹால் மூலையில் பாய் போட்டு, முதுகுக்கு நான்கு தலையணை அடுக்கிப் பார்த்தேன். அரைமணிக்கு ஒருதரம் தலையணை சரியும், வலி எழுப்பும். பத்து நாளில் முழுசாக இரண்டு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

"ரிக்லைனர கீழ இறக்கிப் போடச் சொல்லு ருகையா" என்றேன்.

"எங்கன போட? ஹாலுல போட்டா பொம்பளைக வர்ற முடுக்கு வாசல் அடைஞ்சிரும் மச்சான். அது மூணு ஆளு இடத்த அடைக்கிது."

"அப்ப நான் எங்கன தூங்க?"

"நிக்காஹ் முடியட்டும், பாப்போம். மாப்பிள்ள வீட்டவங்க வரப்போவ இருக்கிற நேரத்துல, பொண்ணோட வாப்பா ஹாலுல காலத் தூக்கிக்கிட்டுக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"அதுக்காக?"

"அதுக்காக என்ன, வித்துருவோம். குரூப்புல போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிரும். பொறவு சின்னதா ஒன்னு வாங்கிக்கிடலாம்."

'பொறவு' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடம் நான் அந்தச் சொல்லில்தான் குடியிருந்தேன். விற்கக் கூடாது என்று கத்தினேன். வெள்ளையடிக்கிற ஆள் எட்டிப் பார்த்தான். ருகையா சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

அவள் சொன்ன குரூப்புக்குப் பெயர் 'முடுக்குச் சந்தை'. எங்கள் ஊரில் வீடுகளுக்கு இடையே ஆண்கள் நடக்காத சந்துகள் உண்டு. முடுக்கு என்போம். பெண்கள் தெருவில் கால் வைக்காமல் வீட்டுக்கு வீடு அதன் வழியாகவே போய் வருவார்கள். அந்த முடுக்கு இப்போது செல்போனுக்குள்ளும் வந்துவிட்டது. பழைய கட்டில், குழந்தை நடைவண்டி, ஒரே தரம் உடுத்திய நிக்காஹ் சேலை, எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். நானூறு பெண்கள் இருக்கிறார்கள். ஆணுக்கு இடமில்லை. சட்டதிட்டம் எல்லாம் கறார். படம் விழுந்ததும் யார் முதலில் 'எனக்கு' என்று எழுதுகிறாரோ பொருள் அவருக்கு. இரண்டாவது ஆள் 'அடுத்து எனக்கு' என்று எழுதி வரிசையில் நிற்கலாம். மறுநாள் மஃரிபுக்குள், அதாவது அந்தித் தொழுகைக்குள், எடுக்காவிட்டால் பொருள் அடுத்தவருக்குப் போய்விடும். விற்கிறவர் இடையில் மனசு மாறினால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். நிக்காஹ் வீட்டுக்காரி அப்படித் தூக்கப்பட்டால் ஊரில் தலை காட்ட முடியுமா?

நான் கொண்டுவந்த ட்ரெட்மில்லும் சவுண்ட் சிஸ்டமும் அப்படித்தான் போயின. ட்ரெட்மில் போனதே எனக்குத் தெரியாது. எங்கள் தெருச் சங்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி, அண்ணன் என்கிற உரிமையில், "காக்கா, உங்க மெசின்ல தெனம் நாலு கிலோமீட்டர் நடக்கேன், சுகர் எறங்கிட்டு, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும்" என்று துஆ செய்தார். ஆமீன் சொல்வதைத் தவிர நான் என்ன செய்ய முடியும்?

ஆகவே ரிக்லைனர் விஷயத்தில் முந்திக்கொள்வது என்று தீர்மானித்தேன். போனில் இடம் நிறைந்துவிட்டது, சரிசெய்து தாருங்கள் என்று ருகையாவே தன் போனைக் கொடுத்தாள். குரூப்பின் அழைப்பு இணைப்பை அதிலிருந்து எனக்கு அனுப்பிக்கொண்டேன். வேறொரு சிம் வாங்கி ஸித்தி பாத்திமா ஆனேன். "யாரு வீடும்மா?" என்று அட்மின் கேட்டாள். மண்ணடியில் வாடகைக்கு இருக்கிறேன், ஒரு நிக்காஹுக்காக ஊருக்கு வந்திருக்கிறேன் என்று எழுதினேன். சீசன் நேரம், ஊரெல்லாம் விருந்தாளி. சேர்த்துக்கொண்டாள்.

பெண்கள் பேசுகிற இடத்தில் ஓர் ஆண் ஒளிந்து நிற்பது ஹராம் மாதிரிதான். எனக்குத் தெரியும். படங்களை மட்டும் பார்ப்பது என்று எனக்கு நானே சத்தியம் செய்தேன். முதல் நாளே சத்தியம் போயிற்று. "வெளிநாட்டு சபர் முடிஞ்சு வந்த மச்சான் ஒன்னு இருக்கு. ஷார்ஜாவுல இருபத்தாறு வருஷம் ஓடுனது. சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. யாருக்கு வேணும்?" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கீழே நூறு சிரிப்புப் பொம்மை. எழுதியவள் ருகையா. யாராவது 'எனக்கு' என்று போட்டிருக்கிறார்களா என்று நான் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். ஒருத்தியும் போடவில்லை. கடைசியில் அவளே, "சும்மா தமாசு. பாவம், நல்ல மனுசர்" என்று எழுதியிருந்தாள்.

புதன்கிழமை காலையில் மாடியில் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. படம் எடுக்கிறாள் என்று புரிந்துவிட்டது. ஹாலில் உட்கார்ந்து போனைப் பிடித்தபடி காத்திருந்தேன். படம் விழுந்த நொடியில் 'எனக்கு' என்று தட்டினேன். அடுத்த நொடியே இன்னொருத்தி, 'அடுத்து எனக்கு'. யாரென்று பார்த்தால் இஹ்ஸானின் உம்மா. எங்கள் சம்பந்தி.

அந்த அம்மாவுக்கு என்ன அவசியம் என்று நீங்கள் கேட்கலாம். மகன் வந்து போகும்போது நாற்காலியைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான். பெண் வீட்டில் வாய்விட்டுக் கேட்டால் சீர் கேட்டது போல் ஆகிவிடும். விலை கொடுத்து வாங்கினால் கௌரவம். 'எடுத்துட்டுப் போவ வேண்டாம், மாடியிலேயே கெடக்கட்டும், எம்மொவனுக்குத்தான்' என்று ருகையாவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். இதை நான் எப்படி அறிந்தேன்? ருகையாவே எனக்குச் சொன்னாள். எனக்கு என்றால் ஸித்தி பாத்திமாவுக்கு.

"அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சமையலறையிலிருந்து அவள் எழுதினாள். நான் பத்தடி தள்ளி ஹாலில் இருந்தேன். "ஒரு உதவி. எங்க சம்பந்தி அந்தச் சேரக் கேக்காங்க. நீங்க விட்டுக் கொடுப்பீங்களா? மகள் விசயம்."

"வஅலைக்கும் ஸலாம். எனக்கு முதுகு வலிம்மா. சாஞ்சாத்தான் தூக்கம் வரும்" என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

உள்ளே தாளிக்கிற சத்தம். பிறகு பதில் வந்தது: "எங்க மச்சானுக்கும் முதுகு வலிதான் லாத்தா. மகளுக்காக விட்டுக் கொடுத்துட்டாங்க."

எப்போது விட்டுக் கொடுத்தேன்? வீடே இடிகிற மாதிரி கத்தினேனே, அதற்குப் பெயரா விட்டுக் கொடுத்தது? எழுந்து போய்க் கேட்டுவிடலாம் என்று பாதி எழுந்துவிட்டேன். கேட்டால் பாத்திமா செத்தாள். திரும்ப உட்கார்ந்து, "மன்னிச்சுக்கோம்மா, எனக்கு வேணும்" என்று எழுதினேன். "சரி லாத்தா, முறை முறைதான். எந்த வீட்டுல கொண்டுவந்து எறக்கணும்?" என்று கேட்டாள்.

அதை நான் யோசிக்கவே இல்லை. என்ன மடத்தனம் பாருங்கள். பொருளை வாங்குவதற்கு இத்தனை தந்திரம் செய்தவன், வாங்கி எங்கே போடுவது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். வாடகைக்கோ சொந்தமாகவோ அவனுக்கென்று ஒரு கதவு எண் இருக்கும். 'ஆள் அனுப்புதேன்' என்று எழுதிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெய்னம்பு வீட்டுக்குப் போனேன். நான் பிறந்த வீடு.

தங்கச்சி வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன், பாத்திமாவை மட்டும் விட்டுவிட்டு.

"காக்கா, மூணு வேளையும் வந்து சாப்பிடுங்க. வருசம் பூரா சாப்பிடுங்க. சேரு மட்டும் வேண்டாம்" என்றாள்.

"ஏன், ஒரு மூலையில கெடந்துட்டுப் போவுது."

"உங்க சேரு இங்கன வந்தா நீங்களும் வந்துட்டீங்கன்னு ஊரு சொல்லும். மொவளுக்கு நிக்காஹ் வச்சுக்கிட்டு பொண்டாட்டியோட கோவிச்சுக்கிட்டு வந்துட்டாருன்னு பேசுவாங்க. ருகையா மச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்க?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எம்மருமவன் ரெண்டு பேரும் இங்கனதான் இருக்காங்க. அவங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும்லா."

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் என்னைக் கொன்றது. வட்டிலப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். சங்கத்தில் கேட்டேன். பொதுவில் போட்டால் எல்லாரும் உட்காருவார்கள், ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவோம் என்றார்கள். வாடகைக்கு ஓர் அறை பார்க்கலாம்தான். பெண்டாட்டி வீடு இருக்கும்போது எங்கள் ஊரில் ஒருவன் தனியறை எடுத்தால், சாவி கைக்கு வருமுன் தலாக் என்று பேச்சு கிளம்பிவிடும். இஹ்ஸான் வீட்டார் காதில் விழுந்தால் என் மகள் கதி என்ன?

இடம் கிடைக்காமலே மறுநாள் விடிந்துவிட்டது. பக்கத்தில் ஆறுமுகநேரிக்குப் போய் ஒரு லோடு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுகிறவர் பெயர் ஆறுமுகநயினார். என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், மண்ணடி பாத்திமா அனுப்பிய ஆள் என்று மட்டும் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார். நான் முன்னால் வந்து, எதுவும் தெரியாதவன் போல வாசலில் நின்றேன். வண்டி வந்தது. ருகையா உள்ளேயிருந்து, "மச்சான், அந்த ஆளுக்கு ஒரு கை பிடிச்சு விடுங்க" என்றாள். என் நாற்காலியை நானே மாடியிலிருந்து சுமந்து இறக்கினேன். படிக்கட்டில் திரும்பும்போது இடுப்பில் ஒரு இழுப்பு இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. "எங்கன எறக்கணும்மா?" என்று ஆறுமுகநயினார் கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டார். பாவி, நான் சொல்லிவைத்ததை எல்லாம் சரியாகச் செய்துவிட்டு அங்கே வந்து கோட்டை விட்டார்.

"இருங்க, அந்த லாத்தாகிட்டயே கேட்டுருதேன்" என்று ருகையா போனை எடுத்தாள்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

"அண்ணாச்சி, ஒங்க போனு" என்றார் அந்த மகராசன்.

நான் அசையவில்லை. ருகையா போனைக் காதிலிருந்து எடுத்து, அழைப்பைத் துண்டித்தாள். என் பை அடங்கியது. மறுபடி அழைத்தாள். மறுபடி அடித்தது. திரைச்சீலையை விலக்கி என் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மாடியில் ரிஃப்கா யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ருகையா வாயைத் திறந்தால் என் மானமும் போகும், மகள் கல்யாணமும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். அவள் ஆறுமுகநயினாரைப் பார்த்து, "இவங்க வழி சொல்லுவாங்க. கூட்டிட்டுப் போங்க" என்றாள். என்னிடம் மெல்ல, "மஃரிபுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள்.

அவள் ஏசியிருந்தால் தேவலை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம். ஜெய்னம்பு தெரு வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவது சுற்றில் சங்கத்து வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, தூத்துக்குடி போவட்டா, திருச்செந்தூரு போவட்டா? எங்கனயாவது எறக்கணும்லா?" என்றார் ஆறுமுகநயினார்.

"எடமில்ல."

"ஒங்க வீட்டுலயே வச்சுக்கிட வேண்டியதுதான?"

"எனக்கு வீடு இல்ல."

"அப்ப நாம இப்ப ஏத்திட்டு வந்தது?"

"அது பொண்டாட்டி வீடு."

அவர் வண்டியை மெதுவாக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டும் வேற வேறயா அண்ணாச்சி?" என்று கேட்டார். பிறகு அவரே, "என் வீட்டுல போடச் சொன்னா போடுவேன். ஆனா ஒத்த ரூமு, அஞ்சு பேரு படுக்கோம்" என்றார். அந்த மனசுக்கு அவர் நன்றாயிருக்கட்டும்.

கடற்கரைக்குப் போகச் சொன்னேன். வடக்கே ஆளில்லாத பக்கம் ஒரு வேலிக்கருவை நிழலில் வண்டியை நிறுத்தினார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். நான் வண்டியின் பின்னால் ஏறி, கயிற்றைத் தளர்த்தி, ரிக்லைனரில் உட்கார்ந்து பிடியை இழுத்தேன். முதுகு சாய்ந்தது, கால் மேலே வந்தது. ஒரு லோடு ஆட்டோவின் மேல், சரக்கோடு சரக்காக, எதிரே கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அழுதேன். அப்படியே தூங்கிவிட்டேன். பத்து நாளைக்குப் பிறகு வந்த முதல் தூக்கம் அது. கனவுகூட வரவில்லை.

"அண்ணாச்சி, வெயில் எறங்கிட்டு" என்று ஆறுமுகநயினார் எழுப்பினார். என்னை எழுப்பாமல் இரண்டு மணி நேரம் மணலில் உட்கார்ந்திருக்கிறார். போனில் ஒரு செய்தி வந்து கிடந்தது. ருகையாதான். ஸித்தி பாத்திமாவின் எண்ணுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

"லாத்தா, சம்பந்தி மஃரிபுக்கு முந்தி சேரப் பாக்க வாராங்க. நீங்க தர மாட்டேன்னு சொன்னாலும் எனக்குக் கோவம் இல்ல. அவங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிடுதேன். உங்க முதுகுதான் எனக்கும் கவலை."

நாலைந்து முறை படித்தேன். தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை கொடுத்துவிட்டாள். ஆனால் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொண்டு எங்கே போவது? சம்பந்தி கேட்டதை இல்லையென்று சொன்ன பிறகும் என் மகள் நாளைக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு யாருடையதோ. "விட்டுக் கொடுத்துட்டேன்" என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகு கோபத்தில் அந்த சிம்மைக் கழற்றிக் கடலைப் பார்த்து வீசினேன். அது கடல் வரைகூடப் போகாமல் மணலிலேயே விழுந்தது.

திரும்பி வந்து நாற்காலியை மாடிக்கு ஏற்றினோம். இஹ்ஸானுக்கு வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னல் பக்கம் போடச் சொன்னாள் ருகையா. ஆறுமுகநயினார் கீழே இறங்கிப் போனார். அறையில் புதுச் சுண்ணாம்பு வாடை. நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"அவங்க வர இன்னும் நேரம் இருக்கு. ஒரு தடவ உக்காந்துக்கிடுங்க" என்றாள்.

"வேண்டாம்."

"கோவமா?"

"கோவம்தான். வேற என்ன? இருபத்தாறு வருசம் காசு அனுப்புன மனுசன், ஒரு சேரு போட எடமில்லாம லோடு ஆட்டோல ஊரச் சுத்திட்டு வந்திருக்கேன். இந்த வீட்டுல வேற எவனாவது இப்படி அலைஞ்சிருக்கானா, சொல்லு?"

ருகையா நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டியிருந்த மணலைத் சேலை முந்தானையால் தட்டிவிட்டாள்.

"எங்க வாப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க மாப்பிள்ளையா வந்த அன்னைக்கு இந்த ரூம்லேருந்துதான் அவங்க கீழ எறங்குனாங்க. ஹாலுல, இப்ப நீங்க பாய் போட்டிருக்கிய மூலையிலதான் பதினோரு வருசம் படுத்தாங்க, மௌத்தாகுற வரைக்கும். நீங்க லீவுல வர்ற மாசம் மட்டும் அங்கனயும் படுக்க மாட்டாங்க. மாப்பிள்ள ராவுல எந்திரிச்சு வந்தா சங்கடப்படுவாருன்னு தலவாணிய எடுத்துக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருவாங்க."

எனக்கு நினைவு வந்தது. லீவில் வரும்போதெல்லாம் 'மாமா எங்கே' என்று கேட்பேன், 'பள்ளியில இருக்காங்க' என்று பதில் வரும். என் மாமனார் இரவு பகல் பள்ளியை விட்டு நகராத மனிதர், அப்படி ஓர் இபாதத், இறைவணக்கம் என்று ஷார்ஜா பூராவும் சொல்லித் திரிந்தேன். அங்கே கூட இருந்த அறைக்காரர்கள் எல்லாம் மாஷா அல்லாஹ் என்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலயே" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை.

கீழே முடுக்கு வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சம்பந்தி அம்மா நாலைந்து பெண்களோடு வந்துவிட்டார். "மேல வாராங்க, நீங்க எறங்கிருங்க" என்று ருகையா அவசரமாக முக்காட்டைச் சரிசெய்தாள். நான் இறங்கினேன். அவர்கள் கடந்து மாடியேறும் வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஹாலில் விருந்தாளிகள் உட்கார ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். என் பாயைச் சுருட்டி, தலையணைகளை அதன் மேல் அடுக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மேலே ஒரு பெண் குரல் நாற்காலியைப் புகழ்ந்தது. மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மேலே இருந்த ஒரு தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிப் பள்ளிவாசலைப் பார்த்து நடந்தேன்.